கேளிக்கைப் பூங்காவில் 1950களின் சாப்பாட்டு மேசை

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தில் ‘ஃபிஃப்டீஸ் பிரைம் டைம் கஃபே’ என்றோர் உணவகம் இருக்கிறது. 1989 மே 1 அன்று ‘டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டுடியோஸ்’ என்ற தீம் பார்க் திறக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தே இதுவும் திறக்கப்பட்டது. அந்தப் பூங்காவின் பெயர் 2008இல் ‘டிஸ்னிஸ் ஹாலிவுட் ஸ்டுடியோஸ்’ என்று மாறியது. உணவகத்தின் பெயர் மாறவில்லை. உள்ளே நுழைபவருக்கு உணவகத்துக்குள் வந்ததுபோல் இருக்காது. யாரோ ஒருவருடைய வீட்டு அடுக்களைக்குள் வந்துவிட்டது போல் இருக்கும். ஃபார்மைக்கா ஒட்டிய மேசை, அக்கால வீட்டுச் சாமான்கள், மேசையருகே ஒரு சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. பெட்டியில் 1950களின் குடும்ப நகைச்சுவைத் தொடர்களிலிருந்து எடுத்த துண்டுக் காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே பரிமாறுபவர்கள் வாடிக்கையாளரை வாடிக்கையாளராக நடத்துவதில்லை. ஒருவர் ‘அம்மா’; மற்றவர்கள் அத்தை, மாமா, ஒன்றுவிட்ட அண்ணன். கை கழுவியாயிற்றா என்று கேட்பார்கள். கரண்டிகளை நீயே எடுத்து வை என்பார்கள். மேசைமேல் முழங்கையை ஊன்றினால் அதட்டுவார்கள். காய்கறியை ஒதுக்கி வைத்தால், கரண்டியை ஆகாய விமானம்போல் சுற்றிக் கொண்டுவந்து பெரியவர் வாயிலேயே ஊட்டுவார்கள். (முழங்கை விஷயம் நமக்கு விளங்காமல் போகலாம். இடக்கையால் சாப்பிடாதே என்று நம் வீடுகளில் சொல்வதற்கு நிகரான அதட்டல் அது.) உணவும் வீட்டு உணவுதான். கொத்துக்கறியை ரொட்டித்தூளுடன் பிசைந்து அச்சில் வேகவைக்கும் மீட்லோஃப், பொரித்த கோழி, மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி, கூடவே பிசைந்த உருளைக்கிழங்கும் பச்சை பீன்ஸும்.

வீட்டில் இலவசமாகக் கிடைத்த திட்டைக் காசு கொடுத்து வாங்க ஒரு குடும்பம் ஏன் வரிசையில் நிற்கிறது? இதற்கு விடை தேடினால் தீம் பார்க்கின் வரலாற்றையே கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு சாப்பாட்டு அறை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

உண்மையான அம்மா

கலிபோர்னியாவின் புவேனா பார்க் என்ற ஊரில் வால்டர் நாட், கார்டீலியா நாட் தம்பதியர் பழத்தோட்டம் வைத்திருந்தனர். சாலையோரக் கடையில் பழமும் ஜாமும் விற்றார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலம். வருமானம் போதவில்லை. 1934 ஜூனில் ஒரு நாள் மாலை, கார்டீலியா தன் திருமணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, எட்டுப் பேருக்குக் கோழி பொரித்துப் பரிமாறினார். ஒரு சாப்பாட்டின் விலை 65 சென்ட். நான்கு பிள்ளைகளின் தாய் தன் வீட்டில் சமைப்பதையே விலைக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சாப்பாடு பெயர் பெற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று வால்டர் நாட் ஒவ்வொன்றாக வேடிக்கைகளை அமைத்தார். 1940இல் ‘கோஸ்ட் டவுன்’ என்ற பழைய மேற்குத்திசைச் சிற்றூரைக் கட்டத் தொடங்கினார். மூடுவண்டியில் மேற்கே குடியேறிய தன் தாய்வழி முன்னோருக்கு அது காணிக்கை. இன்று ‘நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்’ என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவாக அது வளர்ந்து நிற்கிறது. பூங்காவுக்குள் உணவகம் வந்ததாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே நடந்தது நேர்மாறு: சாப்பாட்டுக்குக் காத்திருந்த வரிசையைச் சுற்றித்தான் பூங்கா வளர்ந்தது. கார்டீலியாவின் கோழிச் சாப்பாட்டு உணவகம் இன்றும் அங்கே நடக்கிறது.

மேற்கண்ட வரலாற்றில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். சமைத்தவர் உண்மையான தாய், தட்டுகள் உண்மையான திருமணச் சீர். ஆனால் சுற்றி எழுப்பப்பட்ட ஊர் மட்டும் பழையதுபோல் புதிதாகக் கட்டியது. பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டு, முதலாவதற்கு ஓர் ஆளை வேலைக்கு வைத்தார்கள்.

வேடமிட்ட அம்மா

1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. வாசலைத் தாண்டியதும் ‘மெயின் ஸ்ட்ரீட்’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிற்றூரின் கடைத்தெரு எப்படி இருந்ததோ அப்படி. வால்ட் டிஸ்னி பிறந்தது 1901இல்; மிசூரி மாநிலத்தின் மார்சலைன் என்ற ஊரில் கழிந்த சிறுவயது நாட்களை அவர் வாழ்நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார். ஆக, 1955இல் ‘பழைய காலம்’ என்றால் 1900களின் காலம். இன்று நாம் ஏக்கத்துடன் பார்க்கும் 1950களின் மனிதர்கள் தங்கள் விடுமுறையில் வேறொரு பழைய காலத்துக்குள்தான் உலாவப் போனார்கள்.

அதே ஆண்டில் டிஸ்னிலாந்தின் ‘ஃபிரான்டியர்லாந்து’ பகுதியில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்தின் ‘ஆன்ட் ஜெமைமா’ பான்கேக் உணவகம் தொடங்கியது. ஆன்ட் ஜெமைமா என்பது ஒரு பான்கேக் மாவின் வணிகப் பெயர். தலையில் துணி கட்டிய, பருத்த, எப்போதும் சிரிக்கும் கறுப்பினச் சமையற்காரி அதன் அடையாளம். அந்த உருவம் அடிமைமுறை நிலவிய தெற்கு மாநிலங்களின் பண்ணை வீட்டிலிருந்து வந்தது. உணவகத்தில் அவ்வேடம் தரித்த பெண் ஒருவர் குடும்பங்களை வரவேற்றார், குழந்தைகளைக் கொஞ்சினார், படம் எடுத்துக்கொள்ள நின்றார். பல ஆண்டுகள் அந்த வேடத்தில் இருந்தவர் அய்லீன் லூயிஸ். டிஸ்னிலாந்துக்குச் சென்ற ஜவாஹர்லால் நேருவுடன் அவர் நின்றதாகவும் பதிவு உண்டு.

இந்த வேடம் 1955இல் பிறந்ததன்று. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், பெரிய மாவுப் பீப்பாய் வடிவில் அமைத்த கடையில், நான்சி கிரீன் என்ற பெண் ஆன்ட் ஜெமைமாவாக நின்று பான்கேக் சுட்டுக் கொடுத்தார். அவர் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். அடிமையாகப் பிறந்த பெண்ணொருவர், அடிமைமுறை இனிமையானதாக இருந்தது என்ற கதையைச் சம்பளத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நிறுவனமோ அந்த நிறுவனமோ என்று இதைப் பிரித்துப் பேசுவதில் பொருளில்லை. கண்காட்சித் திடலில் ‘அன்பான சமையற்காரி’யை நிறுத்தி உணவு விற்பது அன்றைய அமெரிக்க வணிகத்தில் இயல்பாகக் கருதப்பட்டது. டிஸ்னிலாந்தின் அந்த உணவகம் 1970இல் மூடப்பட்டது. மாவின் பெயரும் உருவமும் இன்னும் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தன. அவற்றைக் கைவிடப் போவதாக நிறுவனம் 2020இல்தான் அறிவித்தது.

தீம் பார்க்கில் குடும்பங்களுக்குச் சோறு போடும் ‘வீட்டுப் பெண்’ வேடத்தின் மூதாதையர் இவர்கள். 1989இல் வந்த ‘அம்மா’வுக்கு இந்த வேடத்தோடு நேரடித் தொடர்பு எதுவும் சொல்ல முடியாது, அவள் நகைச்சுவைப் பாத்திரம், எவரையும் இழிவுபடுத்துபவளும் அல்ல. ஆனால் இரண்டு இடங்களிலும் விற்கப்படுவது ஒன்றே: சமையல் செய்த பெண்ணின் உழைப்பை உழைப்பாகத் தெரியாமல் பாசமாகக் காட்டும் ஒரு காட்சி.

மேசைமேல் ஏன் தொலைக்காட்சி?

பிரைம் டைம் கஃபேயின் மேசைகளருகே தொலைக்காட்சி வைத்தது வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். எனக்கு அது அந்த உணவகத்தின் மிக நேர்மையான பகுதியாகப் படுகிறது.

1950இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சி இல்லை. 1960இல் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீடுகளில் இருந்தது. பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் மாலை நேரம் முழுவதும் இடம் மாறிவிட்டது. ஒமாஹாவைச் சேர்ந்த ஸ்வான்சன் நிறுவனம் இதைப் பயன்படுத்திக்கொண்டு 1954இல் ‘டிவி டின்னர்’ என்ற உறையவைத்த உணவை நாடெங்கும் விற்றது. அறைகள் பிரித்த அலுமினியத் தட்டில் வான்கோழி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. விலை 98 சென்ட். அடுப்பில் சூடாக்கி, தட்டோடு எடுத்துப்போய்த் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம். தட்டு கழுவ வேண்டியதில்லை. குடும்பம் முழுவதும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அம்மா கையால் சாப்பிட்ட பொற்காலம் என்று எந்தப் பத்தாண்டு போற்றப்படுகிறதோ, மேசையை விட்டு எழுந்துபோவதற்கான தட்டைக் கண்டுபிடித்ததும் அதே பத்தாண்டுதான்.

டிஸ்னிலாந்தே தொலைக்காட்சிப் பணத்தில் எழுந்தது. வங்கிகள் தயங்கிய நேரத்தில் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் ஐந்து லட்சம் டாலர் முதலீடு செய்தது. மேலும் 45 லட்சம் டாலர் கடனுக்குப் பிணை நின்றது. பதிலுக்கு டிஸ்னி வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்க வேண்டும். 1954 அக்டோபரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் பெயரும் ‘டிஸ்னிலாந்து’தான். பூங்கா கட்டி முடியும் முன்பே பிள்ளைகள் அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள்.

அந்தத் தொடர்களில் வந்த அம்மாவைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1957 முதல் 1963 வரை ஓடிய ‘லீவ் இட் டு பீவர்’ தொடரில் பார்பரா பில்லிங்ஸ்லி நடித்த ஜூன் கிளீவர் என்ற தாய், முத்துமாலை அணிந்தபடியே வீட்டு வேலை செய்வார். ஐம்பதுகளின் இல்லத்தரசி என்றாலே அமெரிக்கர் மனத்தில் அந்த முத்துமாலைதான் நிற்கிறது. மாலை அணிந்ததன் காரணத்தை நடிகையே பின்னாளில் விளக்கினார்: கழுத்தின் கீழிருந்த குழியில் படப்பிடிப்பு விளக்கின் நிழல் விழுந்தது, அதை மறைக்கவே மாலை. ஒளிப்பதிவுச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு ஒரு தலைமுறையின் தாய் வடிவமாகிவிட்டது. பிரைம் டைம் கஃபே எந்த வீட்டையும் நகலெடுக்கவில்லை. தொலைக்காட்சியில் தெரிந்த வீட்டைத்தான் நகலெடுத்திருக்கிறது. அதன் பெயரே, அதிகம் பேர் தொலைக்காட்சி பார்க்கும் மாலை நேரத்தைக் குறிப்பது. எனவே அது எதையும் மறைத்ததாகச் சொல்ல முடியாது.

மேசையில் இடம் இல்லாதவர்கள்

அந்த வீடு எல்லோருக்கும் கிடைத்ததில்லை. போருக்குப் பின் வில்லியம் லெவிட் கட்டிய ‘லெவிட்டவுன்’ குடியிருப்புகள்தான் புதிய நடுத்தரக் குடும்ப வாழ்வின் மாதிரியாகப் பேசப்பட்டன. அங்கே கறுப்பின மக்களுக்கு வீடு விற்கப்படவில்லை. 1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் வில்லியம், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர், வேறொருவரிடமிருந்து வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். கூட்டம் திரண்டு வந்து ஜன்னல்களில் கல் எறிந்தது. அந்த வீட்டிலும் குழந்தைகள் இருந்தனர், சாப்பாட்டு மேசை இருந்தது.

வெளியே சாப்பிடுவதும் அப்படித்தான். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் ஆகிய நான்கு கல்லூரி மாணவர்கள், வூல்வொர்த் கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டுமான மேடை அது. காபி கிடைக்கவில்லை. மறுநாள் அதிகம் பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் இன்னும் அதிகம் பேர். அந்த ஜூலையில் கடை பணிந்தது. உணவு மேடையின் உயரமான இருக்கைகள் இன்று ரெட்ரோ உணவகங்களில் அலங்காரம். அன்று அவற்றில் உட்காருவதே போராட்டமாக இருந்தது.

தீம் பார்க்குகளோடு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1947இல் சான் பிரான்சிஸ்கோவில் மெல் வெய்ஸ், ஹரோல்ட் டாப்ஸ் இருவரும் ‘மெல்ஸ் டிரைவ்-இன்’ உணவகத்தைத் தொடங்கினார்கள். காரில் உட்கார்ந்தபடியே ஹாம்பர்கர் வாங்கிச் சாப்பிடலாம். ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1973இல் யுனிவர்சல் வெளியிட்ட ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ திரைப்படம், 1962ஆம் ஆண்டின் ஓர் இரவில் நடக்கும் கதை. அதில் இளைஞர்கள் கூடும் இடம் இந்த மெல்ஸ். படம் பெரும் வெற்றி பெற்றது. 1990இல் புளோரிடாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா திறந்தபோது மெல்ஸின் நகல் ஒன்று அங்கே இடம்பெற்றது. 2001இல் ஜப்பானின் ஒசாகாவில் திறந்த யுனிவர்சல் பூங்காவிலும் மெல்ஸ் இருக்கிறது. வாசலில் பழைய கார்கள் நிற்கும். குடும்பங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

படத்தின் கதை நடந்த 1962க்கு அடுத்த ஆண்டு, உண்மையான மெல்ஸின் வாசலில் வேறொரு கூட்டம் நின்றது. கறுப்பினத்தவர் அங்கே சாப்பிடலாம். ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படும் வேலைகளில் அவர்களைச் சேர்ப்பதில்லை. இதை எதிர்த்து 1963 இலையுதிர் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ இளைஞர்கள் மறியல் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். உரிமையாளர்களில் ஒருவரான டாப்ஸ் அப்போது நகர மேயர் தேர்தலில் போட்டியிட்டுக்கொண்டிருந்தார், தோற்றார். உணவகம் மறியல்காரர்களுடன் உடன்படிக்கைக்கு வந்தது. திரைப்படத்தில் இந்தக் கதை இல்லை. படத்தைப் பார்த்துக் கட்டிய நகலிலும் அதற்கு இடமில்லை.

1980களில் ஏன்?

ரெட்ரோ உணவகங்கள் 1980களில் அலையாக வந்தன. 1974 முதல் பத்து ஆண்டுகள் ஏபிசியில் ஓடிய ‘ஹேப்பி டேஸ்’ தொடர் அதற்கு நிலத்தைப் பண்படுத்தியிருந்தது. 1984இல் சிகாகோவில் ‘எட் டெபெவிக்ஸ்’ வந்தது. அங்கே பரிமாறுபவர்கள் வேண்டுமென்றே எடுத்தெறிந்து பேசுவார்கள். 1986இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘ஜானி ராக்கெட்ஸ்’. 1989இல் பிரைம் டைம் கஃபே.

காரணத்தை வயதுக் கணக்கில் தேடலாம். 1946க்கும் 1964க்கும் இடையே அமெரிக்காவில் பிறப்பு விகிதம் மிக உயர்ந்திருந்தது. 1949இல் பிறந்த ஒருவருக்கு 1955இல் ஆறு வயது, 1989இல் நாற்பது. பிள்ளைகளை டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப்போய் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பவர் அவர்தான். வால்ட் டிஸ்னி தன் சிறுவயதுக் கடைத்தெருவைக் கட்டினார். 1989இல் பூங்காவுக்கு வந்த தகப்பனுக்கும் தாய்க்கும் அவர்களுடைய சிறுவயது அடுக்களை கட்டித் தரப்பட்டது. எந்தக் காலம் ‘பழைய காலம்’ என்பதைப் பெரும்பாலும் பணம் கொடுப்பவரின் பிறந்த ஆண்டே முடிவு செய்கிறது.

அடுக்களையையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இன்னொரு கணக்கு. 1950இல் அமெரிக்கப் பெண்களில் சுமார் 34 விழுக்காட்டினர் வேலைக்குப் போனார்கள். 1990இல் அது சுமார் 57 விழுக்காடு. சமையல் வேலை அதே விகிதத்தில் ஆண்கள் கைக்கு மாறிவிடவில்லை. பிரைம் டைம் கஃபேக்கு வந்த 1989ஆம் ஆண்டின் தாய், வாரம் முழுவதும் அலுவலகம் போய்விட்டு, மாலையில் பிள்ளைகளைச் சாப்பிட வைக்கப் போராடியவள். அவள் முன்னால் வேறொருத்தி வந்து, “பீன்ஸை முடி” என்று அவளுடைய பிள்ளையையும் கணவனையும் அதட்டுகிறாள். அவளையும் சிறுமியாக்கி அதட்டுகிறாள். ஏக்கம் என்று இதை ஒதுக்குபவர்கள் இந்த ஓய்வைப் பார்ப்பதில்லை. வரலாற்றாசிரியர் ஸ்டெஃபனி கூன்ட்ஸ் 1992இல் எழுதிய நூலில், அமெரிக்கர் ஏங்கும் ஐம்பதுகளின் குடும்பம் நினைவில் இருப்பதுபோல் நடைமுறையில் இருக்கவில்லை என்று விரிவாகக் காட்டினார். அவர் சொன்னது சரி. ஆனாலும், இல்லாத ஒன்றுக்கு ஏங்குபவரின் களைப்பு உண்மையானது. அந்தக் களைப்பை நம்பித்தான் அந்த உணவகம் நடக்கிறது.

இப்போது

1989இல் நாற்பது வயதாயிருந்தவர் இன்று பேரப்பிள்ளைகளுடன் வருகிறார். அவருடைய மகனுக்கோ மகளுக்கோ ஐம்பதுகள் நேரடி நினைவல்ல. மறு ஒளிபரப்பில் பார்த்தது. பேரனுக்கு அதுவும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படம் எதனால் நிறமில்லாமல் இருக்கிறது என்று கேட்கும் வயது அவனுக்கு. அவன் பெற்றோருக்கு ஏக்கம் தரும் பழைய காலம் ஒளிநாடாக்களும் வீடியோ விளையாட்டுகளும் நிறைந்த 1980கள், 1990கள். அந்தக் காலத்தை வைத்து வேறு உணவகங்கள் வந்துவிட்டன. பிரைம் டைம் கஃபேயில் ‘அம்மா’ வேடம் போடுபவர்களில் ஐம்பதுகளில் பிறந்தவர்களே இனி அரிது. எழுபத்தைந்து வயதுப் பாட்டனாரின் முழங்கையைத் தட்டிவிட்டு, இருபத்தைந்து வயது ‘அம்மா’ தட்டில் மிச்சமிருக்கும் பச்சை பீன்ஸைக் காட்டி அதட்டுகிறாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பேரன் தன் பீன்ஸை மறைக்கப் பார்க்கிறான்.